பாலத்தடி டீக்கடையில் இரண்டாம் பாகம்

அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு கணக்குப் புத்தகத்தின் முதல் பாகம் இருந்தது. கணக்குகள் அதில், விடைகள் இரண்டாம் பாகத்தில். அந்த இரண்டாம் பாகமோ தாமிரபரணிக்கு அக்கரையில் உள்ள நூலகத்தில். புத்தகங்களைப் பிரித்து அனுப்பிய யாரோ ஒரு நியாயவான் ஊருக்கு ஒன்றாகப் பங்கு வைத்திருந்தார்.

முதல் பாகம் முழுவதையும் என் நோட்டில் போட்டு முடித்துவிட்டேன். எது சரி, எது தப்பு என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்தான். இந்தத் தடவையும் தேறாவிட்டால் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போ என்று அப்பா சொல்லிவிட்டார். ஆலைக்காரரிடமும் சொல்லி வைத்துவிட்டார்.

அக்கரைக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த நூலகர் பீரோவைத் திறக்கவே இல்லை.

"உங்க ஊருக்கா? முன்ன குடுத்த சமையல் புத்தகம் குழம்போட திரும்பி வந்துதுலே."

இதைக் கேட்டதும் எங்கள் நூலகருக்கு ரோஷம் வந்துவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர் இருவருக்கும் தூது போனார். முதல் பாகத்தைப் பிணையாகக் கொடுத்து இரண்டாம் பாகத்தை வாங்குவது என்று முடிவாயிற்று. நூலகத்துக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை, பாலத்தடி டீக்கடையில்.

எங்கள் நூலகரோடு போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. தேர்வு ஞாயிற்றுக்கிழமை. நாளை இரண்டாம் சனி. நாளையும் நூலகம் பூட்டித்தான் கிடக்கும்.

"சார், ஞாயிறு வரைக்கும் வீட்டுல வச்சிக்கிடட்டா?"

"நூலகத்துல உக்காந்து படிக்கிற புத்தகம்லா அது? வெளிய போகக் கூடாது."

"இப்ப டீக்கடைக்கு வருதே சார்?"

"அது நூலகத்துக்கும் நூலகத்துக்கும் உள்ள போக்குவரத்து. பேசாம வாலே."

பெஞ்சில் இரண்டு பாகமும் கைமாறின. டீ வந்தது. இரண்டாம் பாகத்தைப் பைய என் பக்கம் இழுத்து, நோட்டோடு ஒப்பிட ஆரம்பித்தேன். டீ குடித்து முடித்தால் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். நல்லவேளை, அக்கரைக்காரர் வடை தின்ற கையோடு முதல் பாகத்தைப் புரட்டினார்.

"ஓய், கையத் தொடையும்! எண்ணெய்!" என்றார் எங்கள் நூலகர்.

"குழம்பு ஊத்துனவரு எண்ணெயப் பத்திப் பேசுதீரு!"

"அது குழம்பில்ல வே, மழைத்தண்ணி!"

சதவீதம் முடிந்தது. சண்டை ஆறுவதுபோல் தெரிந்தது. நான் தலையைத் தூக்காமல், "மழைத்தண்ணியில கடுகு கிடக்குமா சார்?" என்றேன். வட்டிக் கணக்கு முழுவதையும் சரிபார்க்கும் அளவுக்கு அது எரிந்தது. மறுபடி அடங்கியபோது, "அந்தப் புத்தகத்துல அல்வா பக்கத்தக் காணோமாமே?" என்று போட்டேன். லாப நட்டமும் முடிந்தது. டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு டீ வைத்தார்.

காலமும் வேலையும் என்ற கடைசிப் பாடம் பாக்கி. என் கையில் விறகு தீர்ந்துவிட்டது. அதற்குள் அக்கரை பஸ்ஸும் வந்து நின்றது. அக்கரைக்காரர் முதல் பாகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். எங்கள் நூலகரும் எழுந்து, என் முன்னால் இருந்த புத்தகத்துக்குக் கை நீட்டினார். நோட்டில் நான் அடித்துத் திருத்தியிருந்ததையெல்லாம் ஒரு கணம் பார்த்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"ஓய், நில்லும். இந்தப் பாலத்தக் கட்டுனது எங்க ஊருக்கா, உங்க ஊருக்கா? அதச் சொல்லிட்டு பஸ் ஏறும்."

படியில் வைத்த காலை அக்கரைக்காரர் கீழே இறக்கினார். "என்ன வே கேட்டீரு?"

பஸ் போய்விட்டது. நான் கடைசிப் பாடத்தைத் திறந்தேன்.