பின்னால் வரும் மேலறை

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் தணிகாசலம் முதலில் டிரெய்லரைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. சூட்டை உள்ளங்கை பொறுத்துக்கொள்ளும், புறங்கை பொறுக்காது, அதனால் அதைத்தான் நம்பலாம் என்பது அவர் கட்சி. நெடுஞ்சாலையில் விரையும் லாரிகள் அவர் சட்டையை இழுத்து உதறிவிட்டுப் போகும். அவர் அவசரப்படமாட்டார். அதை இழுத்துவரும் பிக்கப் வண்டியின் முன்சீட்டிலிருந்து அவர் மனைவி அனுசூயா பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். ஏறி உட்கார்ந்ததும் "எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்கு" என்பார் இவர். இருவரும் டிரெய்லரை வீட்டில் ஒரு ஆளைப்போலத்தான் விசாரித்தார்கள்.

சேலத்துக்காரர். கிண்டியில் படித்துவிட்டு மான்ட்ரியலுக்கு வந்தவர். பாலங்களின் எடை தூண்களில் எப்படி இறங்குகிறது என்று கணக்குப் போடும் வேலை. ஒலிம்பிக்குக்காக ஊரெங்கும் கிரேன்கள் நின்ற அந்த வருடத்தில் அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உட்காருவார். யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் முழுதும் கேட்டுவிட்டு, "லோடு எங்க உக்காருதுன்னு பாருங்க" என்பார். நண்பர் டாக்டர் சண்முகவேல் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்து, "இவரு சோத்துலகூட லோடு பார்த்துத்தான் குழம்பு ஊத்துவாரு" என்று பரிகசிப்பார்.

டிரெய்லர் வாங்கியது சோற்றினால்தான். நகரத்தைத் தாண்டிவிட்டால் அந்நாளில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழியில் ஒன்றும் கிடைக்காது. முதல் பயணத்தில் பட்டாணி சூப் என்று நம்பி அனுசூயா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டார். அடியில் பன்றி இறைச்சி கிடந்தது. அன்று முழுதும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த கோடையில் தணிகாசலம் அடுப்பும் படுக்கையும் உள்ள டிரெய்லர் ஒன்றை வாங்கி, ஒரு சமையலறையையே வண்டியின் பின்னால் கட்டி இழுத்தார். ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் வாங்கிப் போட்டுக்கொண்டு, கரைத்த இட்லி மாவைத் தூக்குப் பாத்திரத்தில் இறுக்கி மூடி, கிளம்பிவிடுவார்கள்.

மான்ட்ரியலுக்கு ஆற்றின் இக்கரையில் இருந்த புரோசார்ட் வீட்டில் இருவரும் அதிகம் பேசுவதில்லை. சண்டை எதுவும் கிடையாது. அவர் மேஜையில் வரைபடத்தை விரித்திருப்பார். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு வரும் அனுசூயாவுக்கு அமைதி பழகிப்போயிருந்தது. பிள்ளைகள் இல்லை. குளிர்காலத்தில் சில நாட்கள் அந்த வீட்டில் தொலைபேசி மட்டும்தான் குரல் கொடுக்கும்.

சாலையில்தான் பேச்சு வரும். அப்போதிருந்த டிரெய்லர், பிக்கப்பின் பின் பம்பரில் ஒரு இரும்புப் பந்தின்மேல் மாட்டியிருந்தது. காற்றடித்தால் ஆடும். லாரி கடந்தால் ஒருமுறை இழுத்துத் தள்ளும். அந்த இழுப்பு முன்சீட்டு வரைக்கும் வரும். "என்ன அது?" என்பார் அனுசூயா. "காத்து" என்பார் இவர். அங்கே பிடித்துக்கொண்டால் தங்கை கல்யாணம், நூலகத்தில் தூங்குகிற பேராசிரியர், சேலத்து வெயில் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். இருவரும் எதிரே சாலையைப் பார்த்தபடி பேசுவார்கள். தணிகாசலம் வருடம் முழுவதும் இதற்காகக் காத்திருந்தார் என்பது அனுசூயாவுக்குத் தெரியாது.

ஒரு கோடையின் கடைசியில், நீண்ட இறக்கம் ஒன்றில், பெரிய லாரி ஒன்று உரசினாற்போலக் கடந்தது. டிரெய்லரின் பின்பக்கம் ஒரு வீச்சு வீசியது. மறுவீச்சு இன்னும் பெரிதாக வந்தது. கொஞ்ச நேரம், முன்னால் போகிற வண்டியைப் பின்னால் வருவது ஓட்டியது. எப்படியோ நேராக்கிக்கொண்டு வந்து ஓரத்தில் நிறுத்தினார். அனுசூயாவின் கை டாஷ்போர்டை விட்டு எழவில்லை.

"இனிமே நான் வரல. நீங்க வேணா போயிட்டு வாங்க" என்றார்.

அந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட நீண்டது. பனி கரைந்ததும் தணிகாசலம் அக்கரையில், மான்ட்ரியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த டிரெய்லர்க் கடைக்குப் போனார். கடைக்காரர் பெர்னார் பழையதை எடுத்துக்கொண்டு 'ஃபிஃப்த் வீல்' ஒன்றைக் காட்டினார். இது பம்பரில் மாட்டுவதில்லை. பிக்கப்பின் பின்தொட்டியில், சரியாகப் பின்னச்சுக்கு மேலே, ஒரு கனத்த இரும்புத் தட்டு. டிரெய்லரின் மூக்கு அந்தத் தொட்டிக்கு மேலே ஏறி வந்து, தன் அடியில் நீட்டிய முளையைத் தட்டின் நடுவில் இறக்கிக் கவ்விக்கொள்ளும். எடை அச்சில் உட்காருகிறது. ஆடாது. மூக்குப் பகுதிக்குள் மூன்று படி ஏறினால் ஒரு படுக்கையறை. முன்புறம் ஒரு சின்ன ஜன்னல். அது ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னால் வந்து நிற்கும்.

பின்னால் இழுவை எப்படித் தெரியும் என்று தணிகாசலம் கேட்டார். பெர்னார் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்து, பிரெஞ்சில் "ரியான்" என்றார். ஒன்றுமே தெரியாது. ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார்.

"வீட்டை இழுத்துக்கிட்டுப் போனது போதாதுன்னு இப்பத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டீரா?" என்றார் சண்முகவேல். வந்தவர்கள் எல்லாரும் ஐந்தாவது சக்கரம் எங்கே என்று தேடினார்கள். அந்தப் படுத்துக் கிடக்கிற தட்டுத்தான் அது என்று தணிகாசலம் ஒவ்வொருவருக்கும் குனிந்து காட்டினார்.

அனுசூயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சாமி எங்க?"

பழையதில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் முருகன் படம். இதிலும் அதே இடத்தில் தணிகாசலம் பலகை அடித்திருந்தார். அனுசூயா படிகளையும் மேலறையையும் பார்த்தார். சாமியைக் கீழே வைத்துவிட்டு அதற்கு மேலே போய்க் காலை நீட்டிப் படுப்பதா? முடியாது என்று சொல்லிவிட்டார். முருகன் மேலறைக்குப் போனார். சாமியறையில் படுக்கக் கூடாது என்று ஆனதால் இவர்கள் கீழே சோபாவை விரித்துப் படுப்பதாக முடிவாயிற்று. மேலே அகலமான கட்டில் சும்மா கிடந்தது. வெறும் மெத்தை கண்ணை உறுத்துகிறது என்று அனுசூயா துவைத்த விரிப்பைப் போட்டு, தலையணைகளையும் அடுக்கிவைத்தார்.

ஆற்றோரமாகவே கிழக்கே, கடற்கரையில் இருக்கும் காஸ்பே பக்கம் கிளம்பினார்கள். பெர்னார் சொன்னது சரிதான். பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. லாரிகள் கடந்தன, வண்டி அசையவில்லை. அனுசூயாவின் கை மடியில் கிடந்தது. "என்ன அது?" என்று கேட்பதற்கு ஒன்றுமில்லை. பேச்சும் இல்லை. வீட்டு அமைதி வண்டிக்குள் ஏறி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

தணிகாசலம் அடிக்கடி நிறுத்தினார். டிரெய்லர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். உள்கண்ணாடியில் வெள்ளைச் சுவரும் அந்தச் சின்ன ஜன்னலும் நிறைந்து நிற்கும். கண்ணால் பார்ப்பது அவருக்குப் போதவில்லை. எடை இருந்தால் அது எங்காவது தெரிய வேண்டும்.

இரண்டாம் நாள், ஆறு கடல்போல அகன்றுவிட்ட இடத்தில், அனுசூயா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மேல யாரோ நடக்கறாங்க."

முளைக்கும் தட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், வேகம் மாறும்போது முட்டும் என்று தணிகாசலம் விளக்கினார். அனுசூயா மறுக்கவில்லை. "அது வேற. அது டக்குனு கேக்கும். இது நடக்கறது" என்றார். குரலில் பயமே இல்லை. இவர் நிறுத்திப் போய்ப் பார்த்தார். முருகன் இருந்தார். தலையணைகள் அடுக்கியபடியே இருந்தன. விரிப்பின் ஓரத்தில் மட்டும் ஒரு பள்ளம், ஒருவர் உட்கார்ந்து எழுந்தாற்போல. கையால் நீவிச் சரிசெய்தார். முளைக்குக் கிரீஸ் தடவினார்.

அதற்குப் பிறகு அனுசூயா பேச ஆரம்பித்தார். முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பேசினார். கன்னியாகுமரிக்குப் போன பள்ளிச் சுற்றுலா, அம்மாவின் கோபம், இந்த ஊரில் முதல் பனியைப் பார்த்து அழுதது. தணிகாசலத்துக்கு இவற்றில் பாதி தெரியாது. ஆனால் சொல்லும்போது அனுசூயாவின் முகம் கொஞ்சம் பின்னால் திரும்பியிருந்தது. இன்னொருவருக்கும் கேட்கட்டும் என்பதுபோல.

"யாருன்னு நெனைக்கிற?" என்று இவர் ஒருமுறை கேட்டார்.

"யாரா இருந்தா என்ன? படுக்கையப் போட்டு ரூமைச் சும்மா வெச்சோம். வந்துட்டாங்க. சாமி இருக்கற இடத்துல கெட்டது வராது. நீங்க பாத்து ஓட்டுங்க."

திரும்பி வரும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் தணிகாசலம் தவறு செய்தார். பழைய டிரெய்லரின் பழக்கத்தில் வளைவை ஒடித்துத் திருப்பிவிட்டார். இது வளைவின் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். இன்னும் அகலமாகச் சுற்றியிருக்க வேண்டும். டிரெய்லரின் சக்கரம் கல்திட்டின்மேல் ஏறி இறங்கியது. மேலே பொத்தென்று ஒரு சத்தம், கட்டிலிலிருந்து ஆள் உருண்டதுபோல. இருவருக்கும் கேட்டது. அனுசூயா அவருக்கு முன்னால் இறங்கி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது மேலறையில் எதுவும் விழுந்திருக்கவில்லை. அனுசூயா கட்டிலோரம் மண்டியிட்டு, ஒன்றுமில்லாத தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடி ஒண்ணும் பலமா இல்ல" என்றார், இவரைப் பார்க்காமல்.

தணிகாசலம் படிகளில் மெல்லப் பின்வாங்கி இறங்கினார். வண்டியில் ஏறியதும் சொன்னார்: "நேரா பெர்னார்கிட்ட போறோம். இதக் குடுத்துட்டு பழசையே வாங்கிக்கறேன்."

அனுசூயா முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு எதையுமே சொல்லவில்லை. ஊர்களின் தேவாலய வெள்ளிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. பழைய டிரெய்லர் திரும்பி வந்தாலும் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரப்போவதில்லை என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது. பேசுகிற அனுசூயா வேண்டுமானால் மேலறையும் வேண்டும். கணக்கு அப்படித்தான் வந்தது.

இருந்தும் அவர் புரோசார்டில் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பெர்னார் கடைக்குப் போக ஆற்றைக் கடக்கும் ஷாம்ப்ளேன் பாலத்தில் ஏறினார். பாலத்தின் நடுவில் நெரிசல். கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. நேரமாகும் போலிருந்தது. எஞ்சினை அணைத்தார். மாலை வெயில் உள்கண்ணாடியில் விழுந்து அந்தச் சின்ன ஜன்னலை மஞ்சளாக்கியது.

அப்போது அவருக்குக் கேட்டது.

கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும். நிதானமான நடை. ஜன்னலருகே நின்றது. வண்டி நின்றிருந்தது; முளை முட்ட வழியில்லை. பாலம் அதிரும். எப்படி அதிரும் என்று அவருக்குத் தெரியும், அவர் தொழிலே அதுதான். இது பாலம் இல்லை. மறுபடியும் நடை, ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு. கண்ணாடியை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுதா?" என்றார் அனுசூயா.

"ம்."

"வண்டிய அந்தாள்கிட்ட விட்டுட்டா இவங்க எங்க போவாங்க?"

முன்னால் நின்ற கார்கள் நகர்ந்தன. தணிகாசலம் எஞ்சினைக் கிளப்பினார். பாலம் இறங்கியதும் செயின்ட்-மிஷேலுக்கு நேரே போக வேண்டும். அவர் வலதுபுறம் கன்னியர் தீவுக்குப் பிரியும் பாதையில் இறங்கி, குறுகலான ஒரு தெருமுனையில் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார். பழையதாக இருந்தால் அங்கே திரும்பியிருக்காது. இது தட்டின்மேல் மெல்லச் சுழன்று, பிக்கப்பின் தோளை ஒட்டினாற்போல மடிந்து வந்தது. திட்டு எதிலும் ஏறாதபடி மிகவும் அகலமாகச் சுற்றினார். மேலே சத்தமே இல்லை. மறுபடியும் பாலம். பாதிப் பாலத்தில் அனுசூயா, நூலகத்துப் பேராசிரியர் ஒருநாள் குறட்டைவிட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். அவர் சிரித்தார். தன் சிரிப்பு கொஞ்சம் உரக்க வந்தது அவருக்கே கேட்டது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அனுசூயா தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் திறந்து, சாத்தாமலே உள்ளே போனார். சமையலறையில் விளக்கு எரிந்தது. தணிகாசலம் இறங்கி வந்தார். டிரெய்லரின் மடிப்புப் படியை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு ஓரடி பின்வாங்கி, படிக்கு நேரே வழிவிட்டு, ஒதுங்கி நின்றார்.