ஏரிக்குப் பின்னால் வெள்ளையாக விட்ட இடம்

எங்கள் ஊர் இனிமேல் எப்படி வளர வேண்டும், எந்த நிலத்தை எதற்கு விட வேண்டும் என்று ஒரு கொள்கை எழுதப்போகிறோம், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று ஊரில் சில பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர், வரைபடம் பார்க்கத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வாய் நீளம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கூட்டம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. பந்தி போடும் நீள மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் திருத்தணி வரைபடத்தை விரித்திருந்தார்கள். மலை, கோயில், ரயில் பாதை, ஏரி, எல்லாம் இருந்தது. குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், விவசாயத்துக்குப் பச்சை. மேஜையில் பழைய சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. ஊரின் தலையெழுத்தைச் சாம்பார் வாசனையில் எழுதுகிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கொள்கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மலையடிவாரத்தில் லாட்ஜ்கள் எத்தனை மாடி கட்டலாம் என்று ஒரு சண்டை. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராவிலிருந்து வரும் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று ஒரு சண்டை. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து இங்கே புதுக் காலனியில் வீடு கட்டிக்கொண்ட தறிக்காரர் ஒருவர், வீட்டுக்குள் தறி போடுவதைத் தொழிற்சாலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார். மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை, அதையும் எழுதுங்கள் என்றார். எழுதினோம். கல்லறைத் தோட்டத்துக்கும் சுடுகாட்டுக்கும் ஒரே நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏரிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் மட்டும் எந்த நிறமும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. நகரமைப்பிலிருந்து வந்த அதிகாரி இளம்பெண். ஆறு மாத வயிற்றோடு எந்த அலுப்பும் இல்லாமல் வேலை பார்ப்பவள். அவள் பென்சிலால் அந்த இடத்தைத் தட்டி, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் ஏரிப் பாசன விவசாயி. அவர் என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம், மச்சான் முறையில் அவரைப் பாவா என்று கூப்பிடுகிறவர். தறிக்காரரும் ஒன்றுமில்லை என்றார். மிஷன் பெரியவரும் அதையேதான் சொன்னார். ஆனால் மூன்று பேரும் சொல்லும்போது வரைபடத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஒன்றுமில்லை என்றால் நல்லதாகப் போயிற்று, கிருத்திகை வண்டிகளை அங்கேயே நிறுத்தலாம் என்று அதிகாரி எழுதிக்கொண்டாள். மேலிருந்து எடுத்த ஒரு படத்தையும் காட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. ஏரிக்கரையிலிருந்து ரோட்டுக்குப் போகும் மாட்டுத்தடம், வண்டித்தடம், ஒற்றையடிப்பாதை எல்லாமே அந்த இடத்துக்கு வந்ததும் வளைந்து, சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. நடுவில் வேலி இல்லை, குட்டை இல்லை, பாறை இல்லை. ஆனாலும் ஒரு தடம்கூட உள்ளே போகவில்லை. ஒன்றுமில்லாத இடத்தை எதற்காக ஊரே சுற்றிக்கொண்டு போகிறது?

மறுவாரம் எல்லோரும் நேரில் பார்க்கப் போனோம். நல்ல காலை வெயில். மலைமேல் ஸ்பீக்கரில் பாட்டு போட்டிருந்தார்கள், அது ஏரித் தண்ணீரில் பட்டு ஊர் முழுக்கக் கேட்டது. நிலத்தின் ஓரத்துக்கு வந்ததும், கயிறு கட்டியது போல ஆண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அதிகாரி மட்டும் நடந்தாள்.

"நீ போவாதம்மா, வெயிலா கீது" என்றார் விவசாயி.

அதுவரை அதே வெயிலில்தான் அவளை ஏரிக்கரை முழுக்க நடக்க வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளை இருந்தால் பெண்ணுக்குக் கால் இல்லாமல் போய்விடுமா? ஏன் என்று கேட்டால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். பாம்பு இருக்கும் என்றார் ஒருவர். முள் குத்தும் என்றார் இன்னொருவர். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாம்மா, நாம் பார்ப்போம் என்று உள்ளே இறங்கினேன்.

பத்தடி போனதும் பாட்டு கேட்கவில்லை. காற்றுத் திசை மாறியிருக்கும் என்று எனக்குள் இருந்த பூகோள டீச்சர் காரணம் சொன்னாள். ஆனால் காற்றே இல்லை. ஆட்டுப் புழுக்கை ஒன்றுகூட இல்லை. இத்தனை பச்சை இருந்தும் ஆடுகள் இங்கே வாய் வைப்பதில்லை. அங்கங்கே முள் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். காய்ந்து மண்ணோடு மண்ணானவை நிறைய. ஒன்று மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது, வெட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு கிளைக்கு அடியில் மண் கொஞ்சம் மேடாக இருந்தது. ஒரு தலையணை அளவுக்குத்தான்.

அதிகாரி குனிந்து எதையோ எடுத்தாள். மண் ஒட்டிய சின்னப் பித்தளைச் சாமான், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருந்தது. "இது என்ன மேடம், விளக்கா?" என்று கேட்டாள்.

அது பாலாடை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது. பாலாடையை யார் கொண்டுவந்து முள்ளுக்கடியில் வைப்பார்கள்? அதை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

அப்போது ஓரத்தில் நின்ற விவசாயி சத்தமாகச் சொன்னார்: "டீச்சர், அந்தப் பொண்ண முன்னால வுட்டு வாங்க. திரும்பிப் பாக்காம வாங்க."

அந்த வார்த்தையை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. காய்ச்சலில் கிடந்த என்னை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ என் வீட்டுக்காரரிடம், திரும்பிப் பாக்காம வந்துடு என்று சொன்னது கேட்டது. எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆண்கள் மட்டும் போவார்கள். அடையாளம் வைக்க மாட்டார்கள், நாய் நரி தோண்டாமல் இருக்க முள் வெட்டிப் போடுவார்கள், அந்த இடத்தின் பேச்சையே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். எங்களுக்கு அடுத்தது வரவே இல்லை.

திரும்பிப் பார்க்காமல்தான் வந்தேன். என்னோடு இருந்தது இன்னொருத்தியின் மகள், அவள் வயிற்றில் ஒரு பிள்ளை. ஓரத்தைத் தாண்டியதும் மலைப் பாட்டு காதில் அறைந்தது.

மதியம் வீட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே, ஏரிக்குப் பின்னால் கிருத்திகை வண்டிகளை நிறுத்தப்போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிறவர். பேச்சு குறைவு. எதற்கும் பதறாதவர். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

தட்டைப் பார்த்துக்கொண்டே, "நம்ம கொயந்த அங்கதான் கீது" என்றார்.

என் மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இவர் ஏரிக்கரைத் தடத்தை விட்டு ரோட்டைச் சுற்றித்தான் வண்டி ஓட்டுவார். பெட்ரோல் என்ன ஏரியிலா ஊறுகிறது என்று நான் ஆயுசுக்கும் கேலி செய்திருக்கிறேன். ஒருநாளும் அவர் பதில் சொன்னதில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரில் உள்ள ஆண்களுக்கெல்லாம் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ போவ. போனா திரும்பிப் பாப்ப. பாத்தா அது கூடவே வந்துடும்னு சொல்லி அனுப்ச்சாங்க."

கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ வாசல் வரை வந்து நிற்பது போலவும், கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன் என்பது போலவும் இருந்தது. இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். வாசலில் வெயில்தான் கிடந்தது.

அடுத்த கூட்டம்தான் கடைசிக் கூட்டம். அன்றைக்கு முடிவானால் வெள்ளை இடம் வண்டி நிறுத்துமிடத்தின் சாம்பல் நிறமாகி, கிருத்திகைக்குள் மண்ணை வாரி எடுத்துத் தார் போட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

வெள்ளை இடத்தின் முறை வந்ததும், அங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்றேன். அதிகாரி, ஏன், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா, சொல்லுங்களேன் என்றேன். அசையவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி, உண்மையாகவே ஒன்றுமில்லாத இடமாக ஆக்கிவிட்டார்கள். பேசினால் பிள்ளைக்கு ஆகாது என்று காத்த வாயாலேயே பிள்ளைகளை லாரிக்கு அடியில் கொடுக்கப்போகிறார்கள்.

"அங்க எம் பொண்ணு கீறா" என்றேன்.

அதிகாரியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அதை நான் பார்த்தேன், சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அவள் கையை எடுத்துப் பென்சிலைப் பிடித்துக்கொண்டாள்.

மிஷன் பெரியவர் மெல்ல எழுந்தார். "ஞானஸ்நானம் வாங்காம போனதுங்கள அந்தக் காலத்துல கல்லறைத் தோட்டத்துல சேக்க மாட்டாங்க டீச்சர். எங்களதும் அங்கதான்."

அப்படியானால் எல்லை எது என்று சொல்லுங்கள், அந்த அளவுக்குக் கோடு போடுகிறேன் என்றாள் அதிகாரி. விவசாயி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பாவா, நீ மொதல்ல வெரல வெய்யி" என்றார்.

என் வீட்டுக்காரர் மேஜைக்கு வந்தார். ஏரி மதகைப் பார்த்தார், பனைமரம் நிற்கும் வரப்பைப் பார்த்தார், விரலை வெள்ளையில் ஓர் இடத்தில் வைத்தார். கொஞ்சமும் தடுமாறவில்லை. அவர் விரலுக்குப் பக்கத்தில் விவசாயி தன் விரலை வைத்தார். அப்புறம் பெரியவர். சுவரோரம் நின்றிருந்தவர்களும், டீ கொண்டுவந்தவரும், வாசலில் நின்ற காவல்காரரும் வந்தார்கள். இடம் போதாமல் தோள்மேல் தோள் சாய்ந்து விரல்களை வைத்துக்கொண்டே போனார்கள். பந்தி மேஜையைச் சுற்றி இத்தனை பேர் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு விரல் மட்டும் வெள்ளையைத் தாண்டிப் புதுக் காலனியின் மஞ்சளுக்குள் போய் நின்றது. அந்த வீதியில்தான் தறிக்காரரின் வீடு. அவர் அந்த விரலைப் பார்த்தார், விரலுக்குரியவரைப் பார்த்தார். விரல் அசையவில்லை. தறிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அதிகாரி விரல்களைச் சுற்றிக் கோடு போட்டாள், மஞ்சளுக்குள் நின்ற விரலுக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்தாள். என்ன நிறம் கொடுப்பது என்று கேட்டாள். நிறம் வேண்டாம், அப்படியே விடு என்றேன். கொள்கையில் ஒரே ஒரு வரி சேர்த்தோம்: இந்த நிலம் எதற்கும் பயன்படுத்தப்படாது. காரணம் எழுதவில்லை. மேலே உள்ளவர்கள் காரணம் கேட்டால் நான் வந்து சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்கு ஏரிக்கரைத் தடத்தில் போங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் நின்றார். பிறகு ஏரிக்கரையில் திருப்பினார். சுற்றுத்தடத்தை விட்டு, முள் கிளைகளில் ஏறாமல், ஓரமாகவே மெதுவாக ஓட்டினார். பனைமர வரப்புக்கு நேராக வந்ததும் மலைப் பாட்டு நின்றுபோனது. அவர் கண்ணை எதிரே வைத்துக்கொண்டு, "திரும்பாத" என்றார்.

நான் நன்றாகத் திரும்பிப் பார்த்தேன். விரல் வைத்த இடம் இப்போது எனக்கும் தெரியும். அது கூடவே வந்துவிடும் என்றார்களே, வரட்டும் என்றுதான் பார்த்தேன்.

ஏரி மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. அவர் கியரைக் குறைத்துப் பார்த்தார், அப்போதும் இழுத்துக்கொண்டுதான் போனது. "இன்னா வண்டி இவ்ளோ கனமா கீது" என்றார்.

நான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.