தாழ்ப்பாளும் இரண்டாவது கையெழுத்தும்

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தெருவில் யாருக்கும் அது நினைவில்லை, எல்லோருக்கும் அவர் தாழ்ப்பாள்தான். சர்வர் கம்ப்யூட்டர்களுக்காக லினக்ஸில் ஓர் இயங்குதளத்தைப் பன்னிரண்டு வருஷமாகத் தன் அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். அதன் ஒரே கொள்கை, யாரையும் உள்ளே விடாதே. மற்றவர்கள் புதுப் பதிப்பில் என்னென்ன சேர்த்தோம் என்று பீற்றிக்கொள்வார்கள். இவர் எதையெல்லாம் பிடுங்கிப் போட்டேன் என்று பட்டியல் போடுவார். அதை நம்பிப் பயன்படுத்தியது ஒரே ஒரு குடிநீர் அலுவலகம். நகரம் முழுக்கத் தண்ணீர் திறந்துவிடுவது அந்த சர்வர்தான் என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

எந்த மாற்றமானாலும் இரண்டாவது ஆள் ஒருவர் படித்து, காரணம் புரிந்து, தன் டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட வேண்டும் என்று அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார். சட்டத்தை மாற்றவும் அதே இரண்டு கையெழுத்து வேண்டும். கூட வேலை செய்த நண்பர் சலித்துப்போய் விலகியபோது, தன் கடைசிக் கையெழுத்தால் தாழ்ப்பாளின் மனைவியை அந்த இடத்தில் நியமித்துவிட்டுப் போனார். வீட்டிலேயே இருக்கிறாரே, வசதி என்று. மனைவி தையல்காரர். சாவி இருந்த பென் டிரைவைப் பட்டன் டப்பாவில் போட்டு மூடிவைத்தார்.

ஒருநாள் காலை குடிநீர் அலுவலகப் பொறியாளர் போன் செய்தார். இயங்குதளத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது, மாலைக்குள் அடைக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறிவிடுவோம் என்றார். இருந்ததே ஒரு ஆள், அவரும் போனால் பன்னிரண்டு வருஷமும் பாழ். தாழ்ப்பாள் அரக்கப்பரக்க ஓட்டையை அடைக்கும் நிரலை எழுதி, லேப்டாப்போடு தையல் அறைக்கு ஓடினார்.

“ஒரு கையெழுத்து போடு.”

“காரணம் எழுதலையே?” என்றார் மனைவி.

“பாத்தாலே தெரியுதே.”

“எனக்குத் தெரியல. முதல் வரியிலேருந்து சொல்லுங்க.”

மூன்று மணி நேரம் சொன்னார். மனைவி காலர் தைத்துக்கொண்டே கேட்டார். நடுவில் தையல் மிஷினை நிறுத்தினார்.

“இந்த வரி யாருக்கு?”

தாழ்ப்பாள் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத்தான். பாஸ்வேர்டு இல்லாம உள்ள போறதுக்கு.”

“ஊரையே வெளிய நிறுத்திட்டு உங்களுக்கு மட்டும் தனியா ஒரு சந்து வழியா? தண்ணி ஆபீஸ்லயும் இருக்கா?”

“எல்லாத்துலயும் இருக்கு. ஆனா என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.”

“இப்ப எனக்குத் தெரியுமே. பிரிச்சு எடுங்க, கையெழுத்து போடறேன்.”

எடுத்தார். வேறு வழி? பட்டன் டப்பா திறந்தது. நான்கு மணிக்குப் புதுப் பதிப்பு போய்ச் சேர்ந்தது. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பொறியாளர் நன்றி சொன்னார்.

அதே பதிப்பைத் தாழ்ப்பாளின் சொந்த மெஷினும் ஏற்றுக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. பன்னிரண்டு வருஷமாகச் சந்து வழியாகவே போய்ப் பழகியவருக்கு நாற்பது எழுத்துப் பாஸ்வேர்டு எங்கே ஞாபகம் இருக்கும்? ஐந்து முறை தப்பாக அடித்தார். அவர் எழுதிய விதிப்படியே மெஷின் அவரை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது.

திரும்ப உள்ளே விட வேண்டுமானால் காரணத்தோடு விண்ணப்பம் வேண்டும், இரண்டாவது ஆள் சம்மதிக்க வேண்டும். அதுவும் அவர் போட்ட சட்டம்தான். விண்ணப்பப் படிவம் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டதால் மனைவியின் தையல் அளவுச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். பெயர் எழுதினார். தேதி எழுதினார். காரணத்தில் பேனா நின்றது. ‘வேலை இருக்கிறது’ என்று எழுதி அடித்தார், வேலைதான் நாலு மணிக்கே முடிந்துவிட்டதே. கடைசியில், ‘எனக்குப் போக வேறு இடம் இல்லை’ என்று எழுதினார். எழுதியதைப் படித்தபோது அவருக்கே துக்கமாக இருந்தது.

மனைவி கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். தையல் சாக்கட்டியால் அந்த வரியைக் குறுக்கே அடித்தார். ‘தவறான தகவல். மறுக்கப்படுகிறது’ என்று கீழே எழுதிக் கொடுத்தார்.

பிறகு பக்கத்திலிருந்த முக்காலி மேல் குவிந்திருந்த துணிகளை எடுத்துத் தரையில் வைத்தார். அங்கே ஒரு முக்காலி இருப்பதே தாழ்ப்பாளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். உட்கார்ந்தார்.