அங்கமுத்துவின் கடி

அரியலூர்க் கடலை மண்டியில் தரகர் அங்கமுத்து ஒரு பருப்பைக் கடித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மூட்டையின் அடி வரை கையை விட்டு ஒரு காயை எடுப்பார். உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக் கண்ணை மூடிக் கடிப்பார். காய்ந்தது என்றால் வியாபாரம் முடிந்தது. ஈரம் என்றால் வண்டி வந்த வழியே திரும்பும்.

சுதந்திரம் வந்த வருஷம் வரைக்கும் அது சொந்தப் பல். அப்புறம் மேல்வரிசை முழுக்கத் திருச்சி டாக்டர் ரப்பரில் பதித்துக் கொடுத்த பீங்கான் பல். அவருக்கும் மனைவி புஷ்பவல்லிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஊரில், தரகரின் பல்லே பொய் என்று தெரிந்தால் அவர் வார்த்தையை யார் வாங்குவார்கள்?

ஒரு சந்தை நாள் காலையில் அந்தப் பல் கிணற்றடியில் கை வழுக்கித் துவைகல்லில் விழுந்தது. நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். கீறல் விட்டால் வாயில் போடாதீர்கள், எதைக் கொண்டும் ஒட்டாதீர்கள், ஈரத்துணியில் சுற்றி நேரே எடுத்து வாருங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பல்வலி என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்கு ரயிலேறச் சொன்னாள் புஷ்பவல்லி. இல்லாத பல்லுக்கு வலியா என்று எரிந்து விழுந்தார் அங்கமுத்து. புதிதாகத் தரகுக்குக் கிளம்பியிருந்த மாயவன் அவர் இடம் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கிக் கீறலில் விட்டு, ஊதி ஆற்றி, மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் வண்டி உடையார்பாளையம் வைத்திலிங்கத்தினுடையது. தூறலில் நனைந்த சரக்கு. கையில் எடுத்தபோதே சில்லென்றிருந்தது. ஆனாலும் கடிக்காமல் சொன்னால் அப்புறம் அங்கமுத்து எதற்கு? கூட்டம் கழுத்தை நீட்டியது. கடித்தார்.

படக்கென்ற சத்தம் மண்டி முழுக்கக் கேட்டது. பருப்பு நசுங்கிக் கிடந்தது. முறிந்தது பல்.

மண்டி முதலாளி அமிர்தலிங்கம் பூரித்துப் போனார். இப்படிச் சத்தம் போடுகிற அளவுக்குக் காய்ந்த சரக்கைத் தன் ஆயுசில் கேட்டதில்லை என்று சொல்லி, மூட்டைகளை அப்படியே குடோனில் ஏற்றச் சொன்னார். வைத்திலிங்கம் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு தங்கள் ஊர் வெயிலைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தார்.

அங்கமுத்து உதட்டை இறுக்கிக்கொண்டு, வேண்டாமென்று தலையை ஆட்டினார். சந்தோஷத்தில் ஆட்டுகிறார் என்றார்கள். கையை விரித்தார். புகழ வார்த்தை கிடைக்கவில்லை என்று பக்கத்திலிருந்தவர் விளக்கம் சொன்னார். முதல் மூட்டை குடோன் வாசலைத் தாண்டியது. ஈரக்கடலை உள்ளே போனால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து மூட்டைகளையும் கெடுக்கும். அன்றைக்கு அமிர்தலிங்கம் வந்து நிற்கப்போவது வைத்திலிங்கம் வீட்டு வாசலில் அல்ல.

இரண்டாவது மூட்டை தோளில் ஏறியபோது அங்கமுத்து குனிந்து இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் துப்பினார். சிவப்பு அரக்கைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து ஒருவர் பின்வாங்கினார்.

"சத்தம் போட்டது மல்லாட்டைப் பருப்பு இல்லீங்க முதலாளி, என் பல்லு. சரக்கு ஈரம். எறக்கச் சொல்லுங்க."

"அப்ப இத்தினி நாளா பொய்ப்பல்ல வச்சிக்கிட்டுத்தான் ஊருக்கு நாயம் சொன்னீங்களாண்ணே?" என்றான் மாயவன்.

அமிர்தலிங்கம் சிரிக்கவில்லை. அங்கமுத்து நல்லது என்று சொன்ன ஒரு மூட்டைகூட இதுவரை கெட்டதில்லையே, எதைக் கொண்டு பார்த்தீர் என்று கேட்டார். அங்கமுத்து யோசித்தே பார்த்திராத கேள்வி அது. ரப்பருக்கு ஈரம் எப்படித் தெரியும்? சத்தத்தை வைத்துத்தான் போலிருக்கிறது என்றார்.

முதலாளி அதையும் சோதித்துவிட நினைத்தார். வைத்திலிங்கத்தைக் கடிக்கச் சொல்லி, தரகரின் காதை அவர் வாயருகே வைக்கச் சொன்னார். காது அவ்வளவு பக்கத்தில் கிடைத்ததும் வைத்திலிங்கம் பருப்பை மறந்து, "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தரகரே" என்று கிசுகிசுத்தார். பிறகு கடித்தார். சத்தமே இல்லை. கூட்டத்துக்கும் அது கேட்டது. மூட்டைகள் தாமாக வண்டிக்குத் திரும்பின.

அங்கமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அடுத்த வண்டிக்காரர் வந்து நின்றார். ஒரு பருப்பை உரித்து, வாயிலிருந்த புகையிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"காதக் கொண்டாங்க தரகரே" என்றார்.