களரியில் போர்த்திய சேலை

ஒருவரின் பாட்டைப் புகழ்ந்து எழுதிவிட்டு, அந்த ஆளை மட்டும் பக்கத்திலிருந்து வெளியே தள்ளினால், எழுதியது புகழ்ச்சியா, அவமானமா? அப்படி எழுதியவள் நான். இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் வாவிக்கரை ஊரின் வாசிகசாலை, கூத்தையும் பாட்டையும் வளர்த்தவர்களைப் பற்றி ஒரு மலர் வெளியிட்டது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு மூன்று வயது மகளோடு வீட்டில் இருப்பவள் என்பதால் விவரம் சேர்ப்பது, தட்டச்சு, மெய்ப்பு எல்லாம் என் தலையில் விழுந்தன. வாசிகசாலைத் தலைவர் எனக்குப் பள்ளியில் தமிழ் படிப்பித்த சேர். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை.

எங்கள் கூத்தில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தார்கள். அவர்களுக்கு மலரில் தனிப்பகுதி. அதற்காகத்தான் கல்லடியில் சட்டை தைக்கும் அக்காவிடம் போனேன். அவர் திருநங்கை. என் மகளின் சட்டைகளெல்லாம் அவர் தைத்தவை. பதினேழு வயதில் அவர் அரசி வேடம் கட்டி, கூத்தாடும் களரிக்குள் நுழையும் வரவுப் பாட்டை எடுத்தபோது மத்தளம் அடித்தவரே தாளத்தை மறந்து நின்றாராம். இதை என் அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

நன்றாக ஆடியவருக்குக் களரியிலேயே துணி போர்த்தி மரியாதை செய்வது எங்கள் ஊர் வழக்கம். பெண் வேடமென்றால் சேலை. அன்று அக்காவுக்கு மயில்கழுத்து நிறச் சேலை போர்த்தியவர் எங்கள் சேர்தான். அடுத்த வருடம் அக்கா அதே சேலையை உடுத்திக்கொண்டு பகலில் கடைத்தெருவுக்குப் போனார். அதற்குப் பிறகு எந்தக் களரிக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

விடியும்வரை உடுத்தினால் கலை, விடிந்த பிறகும் உடுத்தினால் வெட்கமா? இந்தக் கேள்வியோடுதான் அவருடைய பக்கத்தை முடித்தேன்.

தன் குருவைப் பற்றியும், எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கும் 'கா' போட்டு, அக்கா சொன்னார். அவரும் பெண் வேடக்காரர். மத்தளகாரர் ஒருவரோடு ஒரே வளவில், ஒரே கூரையின் கீழ் முதுமைவரை வாழ்ந்தவர்.

"அவங்க ரெண்டு பேரும் எப்பிடி இருந்தாங்க எண்டு ஊருக்கே தெரியும்கா. மத்தளகாரர் செத்த பிறகு அவர் ஒரு வரிகூடப் பாடல்ல. நான்தான் பக்கத்தில இருந்து சோறு குடுத்தன்."

அதையும் எழுதினேன். அக்காவையும் குருவையும் போன்றவர்களைக் குறிக்கும் பால்புதுமையர் என்ற சொல்லை நான் ஒரு சஞ்சிகையில்தான் முதலில் படித்தேன். சொல் வருவதற்கு முன்பே எங்கள் களரியில் அவர்களின் பாட்டு இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

எழுத்துப்பிழை பார்க்கட்டும் என்று பக்கங்களைச் சேரிடம் கொடுத்தேன். அவர் பிழை பார்க்கவில்லை. சிவப்புப் பேனையால் இரண்டு பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டார்.

"இத இப்பிடிப் போடேலா பிள்ள."

"ஏன் சேர்? ஊரே கேட்ட பாட்டுத்தானே?"

"பாட்டும் தெரியும், ஆளையும் தெரியும். அதுதான் கரைச்சல். பழைய பேரையும் வேசம் கட்ட முந்தி எடுத்த படத்தையும் போடு. இல்லாட்டிப் பக்கத்தையே எடு. பள்ளிக்கூடப் பிள்ளையள் படிக்கிற புத்தகம்."

'சேலை போர்த்தியது நீங்கள்தானே சேர்' என்று நான் கேட்கவில்லை. குருவின் பக்கத்துக்கு அவரே ஒரு வசனம் எழுதித் தந்தார்: 'திருமணம் செய்யாது கலைக்கே தம்மை அர்ப்பணித்தவர்.' அதையும் நானே தட்டச்சு செய்தேன். மத்தளகாரரின் பெயர் வேறு பக்கத்துக்குப் போய்விட்டது.

அடியோடு இல்லாமல் போவதைவிடப் பாதியாவது இருக்கட்டும் என்று, அக்காவின் பக்கத்திலும் பழைய பெயரையும் சேர் தந்த படத்தையும் போட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேரின் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என்மேல்தான்.

மலர் வெளிவந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு கல்லடிக்குப் போனேன்.

"வாகா, புத்தகம் வந்திற்றாமே. காட்டு பாப்பம்," என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பக்கத்தைக் கண்டதும் சிரித்தார்.

"நல்ல படம். மீசை வழிக்கக்க வெட்டின காயமும் தெரியுது." பிறகு விரலைப் பெயரின் மேல் வைத்தார். "இந்தப் பேரால என்னைக் கடைசியாக் கூப்பிட்டது ஆஸ்பத்திரில, செத்த அப்பாட பொடிய எடுக்கப் போனக்க. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமேகா."

மகள் எட்டிப் பார்த்தாள். "மாமி, இது ஆரு?"

"கூத்தாடின ஒராள் மனே."

"அவர் பாடுவாரா?"

"பாடுவாராம்."

மகள் விடவில்லை, பாடச் சொன்னாள். அக்கா மெஷினின் மிதியை வெறுமனே மிதித்துத் தாளம் பிடித்துக்கொண்டு அரசியின் வரவைப் பாடினார். முன்வீட்டு மனிசி துணி காயப்போடுவதை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார். நான் மட்டும் தலை நிமிரவில்லை.

வாசிகசாலையில் இடமில்லை என்று மீதி மலர்க் கட்டுகளை எங்கள் வீட்டில்தான் அடுக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அவை பள்ளிக்கூடங்களுக்குப் போகும். முதலில் எழுதிய இரண்டு பக்கங்களும் என் கணினியில் அப்படியே இருக்கின்றன. தனித்தாளில் அச்சிட்டு, பிழைதிருத்தம் என்று ஒவ்வொரு மலருக்குள்ளும் வைத்துவிடலாம். வாசிகசாலையில் யாரையும் கேட்கத் தேவையில்லை.

இம்முறை அக்காவைக் கேட்டேன். நூலை ஊசியில் கோர்த்தபடியே சொன்னார்:

"போடுறதெண்டா என்ட பேரோட போடு. எனக்கு இனி என்ன பயம்? ஆனா உன்ட பிள்ளையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகப்போறா. அவளை ஆரும் நோகச் சொன்னா, நீ என்ட வாசலுக்கு வராம விட்டிருவாய். அதையும் யோசி."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் குடைகிறது. அப்படிச் செய்யமாட்டேன் என்று உடனே சொல்ல என்னால் முடியவில்லை. என் கணவர், "உனக்கேன் வீண் வேலை," என்கிறார். கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது. மகளைப் பார்த்ததும் அந்தக் கொதிப்பு பயமாகிவிடுகிறது.

இதைப் படிக்கும் உங்களில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். ஊரில் ஒளிக்கப்பட்ட ஒரு பாடகரைத் தெரிந்தவர்களும் இருக்கக்கூடும். கட்டுகள் போவதற்குள் அந்தத் தாளை நான் வைக்கட்டுமா? வைத்தால், நாளைக்குப் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வரும் மகளுக்கு என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.