சின்ன ர போட்ட தெற்கு

டப்பாக்கா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. மண் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. தகர டப்பாவில் ஈரமண்ணை அடைத்து நிறுப்பாள், அடுப்பில் ஒரு நாள் காயவைத்து மறுபடி நிறுப்பாள். குறைந்த எடைதான் தண்ணீர். அவ்வளவுதான் விஷயம், ஆனால் ஒரு துளி பிசகினாலும் எல்லாம் போச்சு. மற்றவர்கள் கைப்பையில் சீப்பும் கண்ணாடியும் வைத்திருப்பார்கள், இவள் கைப்பையில் எப்போதும் இரண்டு டப்பா இருக்கும். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர், "எனக்கு வாக்கப்பட்டியா, டப்பாவுக்கு வாக்கப்பட்டியா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனுஷன்.

கூடத்து வேலை போக அவளுக்கு ஒரு துண்டு வயலும் இருந்தது. அப்பா விட்டுப்போனது. வரப்புக்கு வடக்கே அவளுடையது, தெற்கே தம்பியுடையது. இரண்டுக்கும் ஒரே மதகு. இவளுக்கு முறை தவறினால் அந்தத் தண்ணீர் நேரே அவனுக்குப் போகும். தவறியதே இல்லை என்பதால் அதைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

அந்த வருஷம் பாசனச் சங்கத்தில் பெட்டி வந்தது. வயலுக்கு ஒன்றாக ஆள் உயரக் கம்பம், அதன் உச்சியில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு டப்பி. வண்டியில் வழி சொல்லும் கருவிக்குள் இருக்கிற அதே மலிவான சில்லுதான் இதற்குள்ளும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை நேராகவும் வந்து சேரும், மண்ணில் பட்டுத் தெறித்தும் வந்து சேரும். மண் ஈரமாக இருந்தால் பலமாகத் தெறிக்கும், காய்ந்திருந்தால் சோர்ந்து தெறிக்கும். அதை வைத்து ஈரம் இத்தனை சதவீதம் என்று சங்கத்துத் திரையில் எண் விழும். இருபதுக்குக் கீழே போன வயலுக்கு மட்டும்தான் மதகு திறக்கும். சிபாரிசு செல்லாது, சண்டை செல்லாது.

"மண்ணைத் தொடாமலே சொல்லுதா? தொட்டுத் தொட்டு என் ரேகையே அழிஞ்சு போச்சு" என்று டப்பாக்கா சிரித்தாள். ஆனால் சந்தோஷம்தான். சங்கத்தில் எழுத்தர் அவள் தம்பி. பெட்டி நடுவதற்குச் சங்கத்தின் நாற்பது வயலுக்கும் படிவம் எழுதிக் கையெழுத்து வாங்கியது அவன்தான். அவளிடம் வந்தபோது அவள் அடுப்பிலிருந்து சூடான டப்பாக்களை எடுத்துக்கொண்டிருந்தாள். "எங்கடா போடணும்?" என்று கேட்டாள். அவன் விரலால் காட்டினான், போட்டாள். தம்பி நீட்டிய தாளை யாராவது படித்துப் பார்ப்பார்களா?

இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பில் அவளுடைய கம்பத்தை நட்டபோது, வயலில் வெங்காயம் திரளுகிற நேரம். முதல் வாரம் அவளுக்கு மதகு திறக்கவில்லை. திரையில் அவள் வயலுக்கு இருபத்தேழு. இரண்டாம் வாரம் இருபத்தாறு. வயலில் நின்றால் கால் சுடுகிறது, தாள் நுனி பழுத்துத் தொங்குகிறது. ஒரு டப்பா மண் எடுத்து நிறுத்துப் பார்த்தாள். ஒன்பது சதவீதம். இன்னொரு டப்பா எடுத்தாள். எட்டரை.

தம்பியிடம் ஓடினாள். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "உன் தராசு கிழடு தட்டிப்போச்சுக்கா. பெட்டி பொய் சொல்லுமா?" என்றான்.

கேளுங்கள் கூத்தை. பதினாறு வருஷம் மண்ணை நிறுத்தவள், தன் தராசைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தாள். தராசு சரி. அப்படியென்றால் அடுப்பில் கோளாறோ? அடுப்பும் சரி. அப்படியென்றால் என் கைதான் சரியில்லை, வயசாகிறது என்று தன்னையே நொந்துகொண்டாள். தம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள்.

கணவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உனக்கு நிக்கிற தண்ணி யாருக்குப் போகுதுன்னு பாத்தியா?"

"என் தம்பியப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க!" என்று சீறினாள். இரண்டு நாள் அவரோடு பேச்சே இல்லை. அந்த இரண்டு நாளும் வீட்டுக் குழாயில் குடம் குடமாகப் பிடித்து, முதல் நாலு பாத்திக்கு மட்டும் ஊற்றினாள். இடுப்பு கழன்றுபோனதுதான் மிச்சம்.

மூன்றாம் வாரம் மதகு தம்பி வயலுக்குத் திறந்தது. தண்ணீர் கலகலவென்று வரப்புக்குத் தெற்கே ஓடியது. மறுநாள் காலையில் திரையைப் பார்த்தால் டப்பாக்காவின் வயல் முப்பத்தொன்று! ஒரு சொட்டு விழாத வயலில் ஈரம் ஏறியிருக்கிறது. அவள் அங்கேயே நின்று மூன்று முறை படித்தாள். பிறகு பெட்டியை நட்ட பெண் பொறியாளரைத் தேடிக்கொண்டு போனாள்.

"ஏம்மா, இந்தப் பெட்டி எங்க பாக்குது? கம்பத்து அடியிலதான?"

"இல்லக்கா. அலை சாய்வா வந்து தெறிக்குது. அதனால பத்துப் பதினஞ்சு அடி தள்ளித்தான் பாக்கும். எந்தப் பக்கம் பாக்கணும்னு நாங்க கம்ப்யூட்டர்ல குறிச்சிடுவோம். படிவத்துல எழுதியிருக்கிற பக்கம்."

பொறியாளர் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். 'கம்பத்திலிருந்து உங்கள் வயல் எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு எதிரே ஒரே ஒரு சொல். 'தெர்கு.' கீழே டப்பாக்காவின் கையெழுத்து.

பொறியாளர் தயங்கிக்கொண்டே சொன்னாள்: "கம்பம் நட்ட அன்னிக்கு உங்க தம்பி கேட்டார்க்கா. தெற்கே தண்ணி தேங்கி நிக்கிற அந்தப் பள்ளத்து மூலையக் காட்டி, இது அங்க வரைக்கும் பாக்குமான்னு கேட்டார். பாக்கும்னேன். அது உங்க வயல்னுதான் நான் நினைச்சேன். அவரோட கம்பம் அந்தக் கோடியில, சீக்கிரம் காயுற மேட்டுல இருக்கு, இல்லையா?"

டப்பாக்கா படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது 'தெர்கு'வில் இருந்த அந்தச் சின்ன ர என்ற எழுத்தை. தம்பிக்கு ஐந்து வயசில் நாலு திசையையும் எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவளுக்கே அப்போது பெரிய ற எங்கே வரும் என்று தெரியாது. தெர்கு என்று எழுதிக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் அவன் மாற்றவில்லை. "எங்கக்கா சொன்னதுதான் சரி" என்று வாத்தியாரிடமே சண்டைக்கு நின்றான். வளர்ந்து, சங்கத்துக்கே எழுத்தர் ஆன பிறகும் அப்படியேதான் எழுதினான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இன்றைக்கு அதே எழுத்து அவள் வயிற்றில் அடித்திருந்தது.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் கிளம்பினாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அவசரத்துல மாத்தி எழுதிட்டியாடா? ஆமான்னு சொல்லு, போதும். நான் போயிடுறேன்."

உண்மையாகவே போய்விட்டிருப்பாள். ஒரு ஆமாவுக்காகத்தான் வாசலில் நின்றாள்.

அவன் எரிச்சலோடு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நீதான கையெழுத்து போட்ட? உனக்குச் சம்பளம் வருது, மாமாவுக்குச் சம்பளம் வருது. எனக்கு இந்த வயல் மட்டும்தான். ஒரு போகம் போனா நீ என்ன செத்தா போயிடுவ?"

"நான் படிச்சுப் பாத்திருந்தா?"

"நீ படிக்க மாட்டேன்னு தெரியும்க்கா" என்றான். திட்டக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் வைத்த நம்பிக்கையைக்கூட இந்தப் பாவி அளந்து பார்த்துவிட்டுத்தான் படிவத்தை நீட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் குத்திக்காட்டவில்லை. சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது. "வெங்காயம் உரிக்கவே இல்ல, அதுக்குள்ளயா?" என்று அவர் கேட்டதற்குச் சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

மறுநாள் படிவம் திருத்தச் சங்கத்துக்குப் போனாள். தம்பி தன் மேசையில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். பொறியாளர் தெற்கை அடித்துவிட்டு வடக்கு என்று எழுதினாள். திருத்தத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அது மேலிடத்துக்குப் போகும் தாள். தெரிந்தே மாற்றினான் என்று எழுதினால் தம்பிக்கு அந்த நாற்காலி இருக்காது. பொறியாளருக்கும் அது தெரியும். தம்பி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எழுத்துப்பிழைன்னு போட்டுடவாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தம்பியின் கை தாளைப் புரட்டுவதை நிறுத்தியது. "அக்கா" என்றான். அவள் வந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

டப்பாக்கா இந்த முறை படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தையும் படித்தாள். பிறகு அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"எழுத்துப்பிழை இருக்கும்மா. இந்த ர. அது என் பிழை, நான்தான் அவனுக்குத் தப்பாக் கத்துக்குடுத்தேன்" என்றாள். "தெற்குன்னு எழுதினது பிழை இல்ல. அது தெரிஞ்சே எழுதினது. அப்படியே போடு."