சில்லி என்ற சொல்லும் என் அண்ணனின் கையும்

போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு பழைய ஆங்கிலக் கவிதை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மேய்ப்பன் தன் ஆடுகளை ‘சில்லி’ என்கிறான். முட்டாள் ஆடுகள் என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

“மேம், ஆட்டு மேல அவ்ளோ பாசமா கீறாரு. அப்பறம் இன்னாத்துக்கு முட்டாள்னு திட்றாரு?”

“சில்லி மட்டன் போடத்தான், குந்துடி” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சரியானது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லப் பிடிக்காது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மீன் விற்கும் அம்மா இன்றும் கைநாட்டுதான். தெரியாது என்று சொல்லவேண்டி வரும்போதெல்லாம் யாரோ என்னைத் திரும்ப மீன் மார்க்கெட்டுக்கே அனுப்பப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அன்று மாலை கல்லூரி நூலகத்தில், அடித்தட்டில் கிடந்த பெரிய அகராதியைத் தூசு தட்டி எடுத்தேன். சொற்கள் எங்கே பிறந்து எப்படி மாறின என்று சொல்லும் அகராதி அது. சில்லி என்ற சொல் பிறந்தபோது அதற்குப் பாக்கியம் பெற்ற என்று பொருளாம். கடவுளின் அருள் பட்டவனை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவனிடம் சூது இருக்காது என்பதால் கொஞ்ச காலம் கழித்துக் கள்ளமற்ற என்று ஆனது. கள்ளமற்றவனை ஊர் ஏமாற்றும், அடிக்கும். அதனால் பாவப்பட்ட. பிறகு பலவீனமான. கடைசியில் அறிவில் பலவீனமான, அதாவது முட்டாளான. யாரும் ஒருநாள் உட்கார்ந்து மாற்றியதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அந்தச் சொல்லைத் தான் வாங்கிய இடத்தைவிடக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. மேய்ப்பனின் ஆடுகள் நடுவில் எங்கோ நிற்கின்றன. அவன் திட்டவில்லை, பரிதாபப்படுகிறான். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறந்த சொல் ஒன்று இன்னும் பழைய பொருளோடே இருக்கிறதாம். இறந்துபோனவர்களைக் குறிப்பிடவும் அதைச் சொல்வதுண்டாம்.

நூலகர் விளக்கை அணைக்க வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. அத்தனை நூறு ஆண்டு எடுத்துக்கொண்ட அந்த இறக்கத்தை நான் ஒரே ஒரு மனிதனிடம், ஒரே வருடத்தில் பார்த்திருந்தேன். ஆரம்பித்து வைத்ததும் நான்தான்.

என் அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். பிறக்கும்போது வெகுநேரம் அழவில்லையாம். ஐந்து வயதில்தான் நடந்தான். பேச்சு பத்துப் பன்னிரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. அப்பா நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது போய்விட்டார். அம்மா விடிந்ததும் மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போவாள். நான் பள்ளிக்கூடம் போவேன். பகல் முழுக்க அண்ணனைப் பார்த்துக்கொண்டது திருவொற்றியூர்க் கரைதான்.

எங்கள் பக்கம் மணல் அதிகமில்லை. கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கல்தான். கல்லுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன மணல் வாயிலில்தான் ஃபைபர் படகுகளைத் தள்ளுவார்கள். அந்த வாயிலில் ஒரு வழக்கம் இருந்தது. விடிகிற நேரத்தில் படகைத் தள்ளும் முன் என் அண்ணன் வந்து அதன் மூக்கில் உள்ளங்கையை வைக்கவேண்டும். கூப்பிடக்கூடாது, அவனே வரவேண்டும். கையை வைத்துவிட்டு, “போ” என்பான்.

கடல் தொழில் செய்கிறவர்களிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். போய்ட்டு வா என்றுதான் சொல்லவேண்டும். வாய் தவறி ஒரு குழந்தை ‘போ’ என்றாலும் அன்று சிலர் வலையைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். அண்ணன் சொன்னால் மட்டும் அவர்கள் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

“சாமியே சொல்லிட்ச்சி, தள்ளு மாமு!”

அவனுக்கு அங்கே சாமி என்றுதான் பெயர். புது வலை வாங்கினால் முதலில் அவன் மடியில் வைப்பார்கள். புது எஞ்சின் வந்தால் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். படகு திரும்பியதும் குழம்புக்கு ஆகிற மாதிரி மீன் அவன் பைக்கு வந்துவிடும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். வருகிற வழியில் எல்லோருக்கும் திறந்து காட்டுவான்.

என்னையும் அவன் அப்படித்தான் அனுப்புவான். பரீட்சை நாட்களில் என் புத்தகப் பையில் கையை வைத்து “போ” என்பான். பத்தாம் வகுப்புவரை பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் வருவதற்குள் கிளம்பிவிடுவேன்.

எம்.ஏ. படிக்கும்போது என் வகுப்புப் பெண்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். கடல் பார்க்கவேண்டும் என்றார்கள். அப்போது மாமாவின் படகுக்குப் புது வலை ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பியான மாமாதான் அந்த வாயிலில் மூத்த படகுக்காரர். வலை அண்ணன் மடியில் இருந்தது. அவன் வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நாலைந்து ஆம்பிளைகள் அவன் கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்களில் ஒருத்தி போனை எடுத்துப் படம் பிடித்தாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று எனக்கு வந்தது வெட்கம். அதை நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவர்கள் என் அண்ணனைத் தாயத்து மாதிரி பயன்படுத்துகிறார்கள், அவன் ஒரு மனிதன், அவனுக்குச் சட்டப்படி ஒரு பெயரும் உரிமையும் இருக்கின்றன என்றெல்லாம். அதில் பொய் எதுவும் இல்லை. படித்தவள் வேறு எப்படி யோசிப்பாள்?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் முன்னால் வட்டம், சதுரம், முக்கோணம் வெட்டிய பலகையை வைத்தார். அண்ணன் துண்டுகளை ஓட்டையில் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்து, “போ” என்றான். டாக்டர் எழுதினார். அட்டையில் எழுபது சதவீதக் குறைபாடு என்று வந்தது.

அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கயிறு கோத்து அவன் கழுத்தில் நானே மாட்டினேன். அவனுக்கு அத்தனை சந்தோஷம். கரையில் ஒவ்வொருவரிடமும் போய்த் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

“இன்னாம்மா இது, சாமிக்கு ஐடி கார்டா? ஆபீசுக்குப் போவுதா?” என்றார் மாமா.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “சாமி கீமின்னு சொல்லாதீங்க மாமா. அவனுக்குப் பிறக்கும்போது மூளைக்குக் காத்து போகல. அதனால வளர்ச்சி கம்மி. அவ்ளோதான். அவன் கை பட்டு மீன் வர்றதில்ல. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, பாருங்க.”

படகில் இருந்த ஒருவன் குனிந்து அட்டையைப் படித்தான். எட்டாவதுவரை போனவன் அவன்.

“எழுவது பர்சன்ட் அவுட்டுன்னு போட்டுக்கீறான் மாமு. நம்ம சாமிக்கு முப்பது பர்சன்ட்தான் சார்ஜு கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அண்ணன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

மறுநாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். மறுநாளும் அவன் கையை வைத்தான், படகுகள் போயின. ஆனால் சிலர் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. சாமி என்று கூப்பிட்ட வாய்கள் “பாவம்ப்பா” என்று பேச ஆரம்பித்தன. பையில் மீன் விழுந்தது. நல்ல மீன் விழவில்லை. “கல்லு மேல ஏறாத நைனா, வுயுந்து தொலைச்சேன்னா கேஸாயிடும்” என்று வாயிலிலிருந்து தள்ளி உட்காரவைத்தார்கள். முப்பது என்று புதுப்பெயர் வந்தது. சின்னப் பிள்ளைகள் “முப்பது, சார்ஜ் போட்டுக்கினியா?” என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். அவன் அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

அந்த மழைக்காலத்தில் கடல் சரியில்லை. எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. நாள்கணக்கில் வெறும் வலைதான் வந்தது. ஒரு காலையில் மாமாவின் படகு கிளம்பும்போது அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மூக்கில் கையை வைத்து, “போ” என்றான். சார்ஜு என்று சொன்ன அதே ஆள் அவன் கன்னத்தில் அறைந்தான்.

“இன்னாடா போ போன்னுகினு? சாவு வூட்டுக்கு அனுப்புறியா? லூசு!”

அண்ணன் அழவில்லையாம். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடித்தவனிடம் அட்டையைக் காட்டினானாம். இதை எனக்குச் சொன்னது அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கூடையைக் கழுவினாள். “நீ நல்லதுக்குத்தான் கண்ணு செஞ்ச” என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

நூலகத்திலிருந்து வந்த மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னேன். கேட்டுவிட்டு, “பாவம் மேம் அந்த வார்த்த” என்றாள். அறை வாங்கிய நாளிலிருந்து அண்ணன் தள்ளி உட்கார்ந்து படகுகளைப் பார்ப்பதோடு சரி. அன்றைக்கே மாமா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அண்ணனைத் திரும்பப் படகுல கை வைக்க விடுங்க.”

“யார்மா வாணாம்னா?”

“எல்லாரும் பழைய மாதிரி...”

அவர் நூலைக் கடித்து அறுத்தார். “நீ சொன்னா தப்பாருக்காதுன்னு நம்புனோம்மா. நம்ம வூட்ல படிச்ச புள்ள நீ ஒருத்திதான. இப்ப வந்து பழையபடி நம்புன்னா எப்டி நம்புறது? கை வைக்கச் சொல்றேன். ஆனா உள்ள ஒண்ணியும் வரல கண்ணு. நான் இன்னா பண்ணட்டும்?”

சொன்னபடி செய்தார். அடுத்த திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். அவனாக வரவேண்டும் என்ற வழக்கம் அங்கேயே உடைந்துவிட்டது. ஆட்கள் படகைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். அறைந்தவன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமா, “வையி நைனா” என்றார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் குரலில்.

அண்ணன் கையை வைத்தான். எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவனுக்குப் புரியாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த எத்தனையோ விஷயங்களில் ஒன்று அப்போது அவனுக்குப் புரிந்தது. “போ” என்று சொல்லாமல் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். படகு போனது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கரைக்குப் போகவில்லை. எண்ணூர் ரோட்டுக்குப் போக ஆரம்பித்தான். துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் ரோடு அது. நிற்கிற ஒவ்வொரு லாரியின் முகப்பிலும் கையை வைத்து “போ” என்றான். லாரிகள் போகவில்லை, மணிக்கணக்கில் அதே இடத்தில் நின்றன. அவன் அடுத்ததற்குப் போனான். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள். வெளி மாநிலத்து டிரைவர் ஒருவர் மட்டும் கீழே இறங்கி, அவன் கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். கல்லூரிப் பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கவேண்டும் என்று தோன்றியது. பேருந்து நகர்ந்துவிட்டது.

மூன்றாம் மாதம் வரிசை சட்டென்று நகர்ந்தபோது ஒரு லாரி அவனை இடித்துத் தள்ளியது. தோள்பட்டை எலும்பு விலகியது. ஆஸ்பத்திரியில் அட்டையைக் கேட்டார்கள், காட்டினேன். வரிசையில் நிற்கவைக்காமல் நேரே உள்ளே அனுப்பினார்கள். இதுவரை அந்த அட்டையால் அவனுக்கு ஆன நல்லது அது ஒன்றுதான்.

இப்போது தோள் கூடிவிட்டது. அம்மா விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போகிறாள். எட்டு மணிக்கு நான் கல்லூரிக்குக் கிளம்புகிறேன். சோற்றையும் தண்ணீரையும் அவன் எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுகிறேன். முதல் நாள் பூட்டிவிட்டு இரண்டு முறை திறந்து உள்ளே பார்த்தேன். இப்போது திறப்பதில்லை.

பூட்டிய பிறகு கொஞ்ச நேரம் நிற்பேன். உள்ளிருந்து அவன் நடந்து வருவது கேட்கும். தகரக் கதவில் உள்ளங்கை பதியும் சத்தம், மெதுவாக.

“போ” என்பான்.

நான் போகிறேன்.